விமலாவின் இரண்டு கோடுகளும் பாத்தாம் பயணமும்

"உன் எடை எவ்வளவுடா?" என்று ஜொகூர் பாருவிலிருந்து குணசேகரன் தொலைபேசியில் கேட்டபோது, ஏதோ நலம் விசாரிக்கிறான் என்றுதான் நினைத்தேன். கல்லூரியில் என் அறைத் தோழன் அவன். மலேசியாவிலிருந்து கோயம்புத்தூருக்குப் பொறியியல் படிக்க வந்து, பாடங்களைவிட எங்கள் விடுதிச் சாம்பாரைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவன். எழுபத்தைந்து கிலோ என்றேன். "பொய் சொல்லாதடா. எண்ணெய்க் கணக்குப் பார்க்கணும் லா" என்றான். எண்பத்திரண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஜொகூர் பாருவின் தம்போய்ப் பகுதியில் கார் ஏசி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் குணா, தலை நரைத்த பிறகு சிறு விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியிருந்தான். செனாய் விமான நிலையத்திலிருந்து விமானிகள் கிளப்புக்குச் சொந்தமான, நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு மலாக்கா, ஈப்போ என்று உள்நாட்டுக்குள்ளேயே சுற்றி வந்தான். ஒரு தடவையாவது எல்லை தாண்டி வேறொரு நாட்டில் இறங்க வேண்டும், அப்போது பக்கத்து இருக்கையில் மனைவி விமலா இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் அவனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. விமானிகளுக்கான மருத்துவச் சான்று அந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்தது கிடைப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குள் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் பறந்துபோய், மீன் சூப் குடித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்புவது திட்டம். பின் இருக்கை காலியாக இருந்தது. எண்பத்திரண்டு கிலோவை அது தாங்கும் என்று கணக்கும் சொன்னது.

பாத்தாம் ஜொகூரிலிருந்து கூப்பிடு தூரம். படகில் ஏறினால் ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் போய்விடலாம். "அப்புறம் எதுக்குடா பிளேன்?" என்று கேட்டேன். "படகுல நான் வெறும் பயணிடா" என்றான் குணா.

முதல் நாளே சோதனை. சிங்கப்பூரில் இறங்கி, ஜொகூர் பாருவுக்குக் கடல்பாலம் தாண்டும் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பஸ்ஸுக்கு ஒரு தனிச் சட்டம். சிங்கப்பூர்ப் பக்கம் மூட்டையோடு இறங்கி, கவுண்டரில் நின்று, மறுபடி ஏறி, மலேசியப் பக்கம் மறுபடி இறங்கி நிற்க வேண்டும். பிந்தினால் பஸ் காத்திருக்காது. மலேசியப் பக்கத்து அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சுவர் ஓரமாகப் போய், பிறந்த வருடத்துக்காகக் கட்டைவிரலால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் காலத்தில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது என் பஸ் கிளம்பிவிட்டது. பக்கத்தில் இரண்டு பெண்கள், சிங்கப்பூர் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் போலிருக்கிறது, மலாய் கலந்த தமிழில் பேசிக்கொண்டே கைப்பேசியைக் காட்டிவிட்டுச் சரசரவென்று போனார்கள். ஒருத்தி சொன்னது பாதி புரிந்தது. ராத்திரிக்கு முட்டை பொரித்தால் போதும், அதற்குமேல் தெம்பில்லை என்றாள். நாடு விட்டு நாடு தாண்டும்போது முட்டையைப் பற்றி யோசிக்க முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது.

குணா, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் காத்திருந்தான். நுரை பொங்கும் தே தாரிக் என்ற தேநீரும் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் வந்தன. கடையின் இலவச இணையத்தில் என் கடவுச்சீட்டுப் படத்தை அவனுக்கு அனுப்பி வைத்தேன். விமானப் பயணத்துக்குத் தேவை என்று சொல்லியிருந்தான். அனுப்பியதைச் சொன்னதும் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"இந்த வைஃபையிலயா அனுப்புனே? விமலாகிட்ட சொல்லிடாதடா" என்றான்.

சொல்லத் தேவையே இருக்கவில்லை. பட்டறை வாசலில் விமலாவுக்கு ஒரு சின்னக் கவுண்டர். வண்டிகளுக்குக் காப்பீடும் சாலை வரியும் புதுப்பித்துக் கொடுக்கிறாள். "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று கேட்ட கையோடு, "பாஸ்போர்ட் காப்பி எங்க எடுத்தீங்க, யாருக்கு அனுப்புனீங்க?" என்றாள். என் முகமே பதில் சொல்லிவிட்டது. அவள் கணவனைப் பார்த்தாள். குணா எதையோ தேடிப் பட்டறைக்குள் போய்விட்டான்.

மலேசியாவில் அடையாள அட்டைக்கு ஐ.சி. என்று பெயர். அதை நகல் எடுத்து யாரிடமாவது கொடுப்பதென்றால், குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று எழுதிவிடுவது அங்கே பலருக்கும் பழக்கம். வேறு எவனும் அந்த நகலை வேறு எதற்கும் பயன்படுத்திவிடக் கூடாது. மற்றவர்கள் பேனாவால் மெல்லிசாக இழுக்கிறார்கள். விமலா வைத்திருந்தது தடித்த கறுப்பு மார்க்கர். என் கடவுச்சீட்டின் நகலை அச்சடித்து, என் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இரண்டு கோடு இழுத்து, 'பாத்தாம் பயணத்துக்கு மட்டும்' என்று எழுதினாள். கோட்டுக்குப் பின்னாலிருந்து நான் ஜெயில் கைதி போல எட்டிப் பார்த்தேன். தன் நகலிலும் அப்படியே இழுத்து, இரண்டையும் குணாவின் காகிதங்களோடு பாத்தாமுக்கு அனுப்பிவைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் விடுதி வரவேற்பறையில், சிம் கார்டு கடையில், கல்யாண மண்டபத்தில் எல்லாம் ஆதார் நகலைக் கோயில் பிரசாதம் மாதிரி கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள். ஒருமுறை காந்திபுரத்தில் வாங்கிய மிளகாய் பஜ்ஜியைச் சுற்றியிருந்த தாளில் ஒருவருடைய வங்கி விண்ணப்பமும் புகைப்படமும் இருந்தன. எண்ணெய் ஊறிய அந்த மீசைக்காரரின் சம்பளம் எவ்வளவு என்று படித்துக்கொண்டேதான் பஜ்ஜியைச் சாப்பிட்டேன். இதை விமலாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலுமாக வரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பாத்தாமிலிருந்து பதில் வந்தது. தனி விமானங்களுக்கு அங்கே காகித வேலை செய்து தரும் முகவர், ரொஸ்மினி என்ற பெண்மணி, அனுப்பியிருந்தார். விமானியின் உரிமம், மருத்துவச் சான்று, விமானப் பதிவு, காப்பீடு எல்லாம் சரி. பயணிகளின் கடவுச்சீட்டு நகல்கள் மட்டும் செல்லாது. முகமும் எண்ணும் கோட்டுக்கு அடியில் இருப்பதால் அங்குள்ள குடிநுழைவு அலுவலகம், அதாவது இமிகிரேஷன், ஏற்கவில்லை. சுத்தமான நகல் உடனே வாட்ஸ்அப்பில் வேண்டும். இறங்க அனுமதி சனிக்கிழமைக்கு மட்டும்தான். அன்று வியாழன்.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள் விமலா. குரலில் கோபமே இல்லை. சம்பல் காரம் தூக்கல் என்று சொல்வது போல் சொன்னாள்.

குணா பாதிப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து, ஒரு பழைய காரின் முன்மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டான். நானும் பின்னால் போனேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடல் தாண்டி வந்திருக்கிறேன், இரண்டு கோட்டுக்காக ஒரு பயணமே நிற்கிறது.

"அவ அப்படித்தான்டா. அவ மேல தப்பில்ல" என்றான் குணா, முன்மூடிக்குள்ளிருந்தே.

பிறகு சொன்னான். கல்யாணமான புதிதில் விமலா சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடியுமுன்னே பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புவாள். ஒரு நாள் காலை மலேசியக் கவுண்டரில் அவளுடைய கடவுச்சீட்டை வாங்கியவர் திருப்பித் தரவில்லை. தனியறையில் உட்கார வைத்தார்கள். அவள் ஐ.சி. நகலை எங்கோ, எவனோ எடுத்து, அவள் பெயரில் கடனுக்கு லாரி வாங்கி, தவணை கட்டாமல் விட்டு, அவளைத் திவாலானவள் என்று நீதிமன்றம் அறிவிக்கும் வரை போயிருக்கிறது. திவாலானவர்கள் மலேசியாவை விட்டு வெளியேறத் தடை உண்டு. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த வரிசையில் தினமும் கூட நிற்கிற பெண்களின் கண் எதிரே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். வழக்கு நடத்திப் பெயரைச் சுத்தப்படுத்துவதற்குள் வேலை போய்விட்டது. அதன் பிறகு அவள் எந்த எல்லையையும் தாண்டியதில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் தங்கை வீட்டு விசேஷங்களுக்குக்கூட இவன் மட்டும்தான் போவான்.

"இந்தத் தடவை வரேன்னு அவளேதான் சொன்னா. புது பாஸ்போர்ட்டும் எடுத்தா" என்றான். "அவ வரலன்னா நானும் போகலடா. கேன்சல் பண்ணிடுறேன்."

எனக்கு இருவர் மீதும் கோபம் வந்தது. பிறகு இருவரையும் நினைத்துப் பாவமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கடைத்தெருவுக்குப் போய் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிய ஐஸான செண்டோல் இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். எண்பத்திரண்டு அந்த வாரத்தில் எண்பத்து நான்கு ஆகியிருந்தால் அதற்கு விமலாதான் பொறுப்பு.

திரும்பி வந்தபோது விமலா தொலைபேசியில் இருந்தாள். எதிர்முனையில் ரொஸ்மினி. பேச்சு மலாயில் நடந்தது. குணா வாசலில் நின்று எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தான்.

"அந்தப் படத்தை எத்தனை பேர் பார்ப்பாங்கன்னு கேக்குறா... எந்தக் கம்ப்யூட்டர், யாரு உட்கார்ந்திருப்பாங்கன்னு கேக்குறா... அலமாக்... அட கடவுளே, எப்ப அழிப்பீங்கன்னு கேக்குறா லா. அந்தம்மா இப்ப ஃபோனை வச்சிடப் போகுது."

வைக்கவில்லை. அந்தப் பக்கம் ரொஸ்மினி நீளமாகப் பேச ஆரம்பித்தார். விமலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னடா சொல்றாங்க?"

"அவங்களோட ஐ.சி. படத்தை வச்சு எவனோ ஃபோன்லயே கடன் வாங்கிட்டானாம். வசூல் பண்றவனுங்க அவங்க மாமியாருக்குக் கூப்பிட்டுக் கண்டபடி பேசியிருக்கானுங்க. அந்தக் கெழவி இன்னிக்கு வரைக்கும் மருமகதான் வாங்குனான்னு நினைக்குதாம்."

விமலா இப்போது "ஆமாம், அக்கா... ஆமாம், அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அங்கே நடந்த ஒப்பந்தம், சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா மூன்றும் கூடிப் பேசியிருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது. வாட்ஸ்அப் கிடையாது. கறுப்புக் கோடும் கிடையாது. முகத்தையும் எண்ணையும் தொடாமல், சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்தாக 'பாத்தாம் பயணத்துக்கு மட்டும்' என்று குறுக்கே ஓடும். கோப்புக்குப் பூட்டு உண்டு. கடவுச்சொல்லை வாயால்தான் சொல்வது. அதைச் சொல்லும் நேரம் வந்ததும் விமலா எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.

"நான் புருஷன் லா" என்றான் குணா.

"அதனாலதான்" என்றாள்.

அன்று மாலைக்குள் ஒப்புதல் வந்தது.

சனிக்கிழமை காலை செனாய்க்குப் போனோம். குணா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை போல இருந்தான். விமானி என்பதால் அவன் முன்பே குடிநுழைவை முடித்துக்கொண்டு, எண்ணெய் பார்க்கவும் இறக்கையைத் தட்டிப் பார்க்கவும் விமானத்தடிக்குப் போய்விட்டான். நானும் விமலாவும் மற்றப் பயணிகளோடு வரிசையில் நின்றோம். முன்னால் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகும் ஒரு பெரிய குடும்பம், எல்லோருக்கும் ஒரே நிறப் பை. என் முறை முதலில் வந்திருக்கலாம். அவள்தான் முன்னால் நின்றாள்.

கவுண்டரில் இருந்த இளம் அதிகாரி கடவுச்சீட்டை வாங்கினார். ஒரு முத்திரைகூட விழாத புதுச் சீட்டு. திரையைப் பார்த்தார். எதையோ தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு எழுந்து, சீட்டை எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்த பெரிய அதிகாரியிடம் போய்க் குனிந்து பேசினார்.

விமலா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, போயிடலாம்" என்றாள்.

"இரும்மா."

"இதே மாதிரிதான் அன்னிக்கும் எந்திரிச்சுப் போனாங்க. அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க, காத்துக்கிட்டு இருப்பாரு."

கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் எங்கோ குணா நிற்பான், அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் நினைத்தேன்.

இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். பெரியவர் மலாயில் கேட்டார்; விமலா பிறகு சொல்லித்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. பயண எண் என்ற இடத்தில் எதைப் போட்டாலும் கணினி ஏற்க மாட்டேன் என்கிறது; நீங்கள் எந்த விமான நிறுவனத்தில் போகிறீர்கள், அக்கா?

விமலாவுக்குக் கேள்வி புரியவே சற்று நேரம் ஆயிற்று. நிறுவனம் ஏதும் இல்லை என்றாள். அப்படியானால் எப்படிப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் ஓட்டுறாரு" என்று மலாயில் சொன்னாள்.

பெரியவர் இளையவரைப் பார்த்தார். பயண எண் கேட்ட இடத்தில் விமானத்தின் பதிவு எழுத்துகளைப் போடச் சொன்னார். இளையவர் போட்டார். கணினி ஏற்றுக்கொண்டது. முத்திரை விழுந்தது. "கணவர் நன்றாக ஓட்டுவாரா?" என்று இளையவர் விசாரித்தார். "தெரியாது, இன்னிக்குத்தான் ஏறப் போறேன்" என்றாள் விமலா. முத்திரை விழுந்த பக்கத்தை விரலால் மூடாமல், மை காயட்டும் என்று விரித்தபடியே விமானம் வரைக்கும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

விமானம் உள்ளே பழைய அம்பாசிடர் காரைவிடக் குறுகல். என் முழங்கால் குணாவின் முதுகைக் குத்தியது. காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால்தான் பேசுவது கேட்கும். மேலே ஏறும் வரை விமலா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். சிங்கப்பூரின் வானத்தை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனோம். கீழே கப்பல்கள் வரிசையில் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துக் குணாவின் குரல் காதுக்குள் கேட்டது.

"விமலா, தாண்டிட்டோம். இது இந்தோனேசியா."

அவள் கண்ணைத் திறந்தாள். கீழே பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"கேஸ் அடுப்பை மூடினேனாங்க?" என்றாள்.

"மூடினே" என்றான் குணா. அவன் குரல் கரகரத்தது. ஹெட்ஃபோனின் கோளாறு என்று நினைத்துக்கொள்ளலாம்.

பாத்தாமில் ரொஸ்மினி மஞ்சள் முக்காட்டோடு வெயிலில் நின்றிருந்தார். விமலாவின் வயதுதான் இருக்கும். காகிதங்களையெல்லாம் முடித்துக் கொடுத்தார். எனக்கு விசா ஒட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. மலேசியர்களான அவர்கள் இருவருக்கும் அந்தத் தொல்லை இல்லை. பிறகு எங்களை ஒரு கடைக்கு அழைத்துப் போனார். மீன் சூப் தெளிவாக, தக்காளியும் கீரையும் போட்டு, நம் ஊர் ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. கூடவே வெந்த சங்கு நத்தைகள் வந்தன. பல் குத்தும் குச்சியால் உள்ளேயிருந்து இழுத்துச் சாப்பிட வேண்டும். குணா சர்க்கரையை மறந்து இரண்டு டம்ளர் இளநீர் குடித்தான். விமலா பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ரொஸ்மினி கைப்பேசியை மேசை நடுவில் வைத்து, எங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தார். அலுவலகக் கணினியில் இருந்தவற்றைத் திங்கட்கிழமை அழித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். விமலா குப்பைத் தொட்டிப் படத்தைச் சுட்டிக் காட்டினாள். அதையும் திறந்து காலி செய்தார். பிறகு இருவரும் மாமியார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். குணா கடிகாரத்தைக் காட்டி, மழை வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. ரொஸ்மினி கொடுத்த அடுக்கு கேக்கையும் எடை பார்த்துத்தான் ஏற்றினான்.

செனாயில் இறங்கும்போது கொஞ்சம் துள்ளியது. "இதைவிட நல்லாவே இறக்குவேன்" என்றான் குணா, யாரும் கேட்காமலே. இயந்திரம் நின்ற பிறகும் அவன் உடனே இறங்கவில்லை. விமலாவும் இறங்கவில்லை. பின் இருக்கைக்காரன் முன் இருக்கை நகராமல் வெளியே வர முடியாது. அந்தச் சின்ன அடுப்புக்குள் வெந்துகொண்டே சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குணா கூப்பிட்டான். மருத்துவச் சான்று கிடைக்கவில்லை என்றான். எதிர்பார்த்ததுதான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடினேன். விமலாவிடம் ஃபோனைக் கொடு என்றேன்.

"அவ இல்லடா. சிங்கப்பூர் போயிருக்கா. தங்கச்சி வீட்டுக்கு."

"நீ போகலையா?"

"கொண்டு போய் விடுறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டா. தனியாவே பஸ் ஏறிட்டா. அந்தப் பக்கம் போனதும் ஃபோன் பண்ணா. கவுண்டர்ல ஒண்ணுமே கேக்கலையாம்டா."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் போனாள் என்றான். கவுண்டரில் ஒன்றுமே கேட்கவில்லையாம் என்று மறுபடியும் சொன்னான். பட்டறை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கும், மழையா என்று கேட்டதற்கும் சுற்றிச் சுற்றி அதற்கே வந்தான். சான்று போனதை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தான்.